பழைய ஹாலைப் புதுசாக்க: எந்த வேலை முன்னால், எது பின்னால்

பழைய ஹாலை மாற்றப் புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் சோபாக் கடைக்குத்தான் போகிறார்கள். பட்ஜெட்டில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும். புது சோபா வந்து இறங்கியதும் சுவர் முன்னைவிட மங்கலாகத் தெரியும். சரி, பெயிண்ட் அடிக்கலாம் என்றால் சோபாவை எங்கே நகர்த்துவது என்று தெரியாது. பெயிண்ட் முடிந்த மறுவாரம் டிவிக்குப் பின்னால் பிளக் பாயின்ட் போதவில்லை என்று அதே சுவரை உடைப்பார்கள். ஹால் வேலையில் வீணாகும் பணத்தில் பெரும்பங்கு இப்படி வரிசை மாறியதால் போவதுதான்.

வரிசை இதுதான்: காலி செய்தல், ஈரம் பார்த்தல், வயரிங், சீலிங்கும் விளக்கும், தரை, பட்டியும் பெயிண்டும், மரவேலை, திரை, கடைசியில் சோபாவும் விரிப்பும். தூசி கிளப்பும் வேலையெல்லாம் முன்னால் முடிய வேண்டும். தரைக்கும் பெயிண்டுக்கும் இடையில் மட்டும் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. அதை அந்த இடத்தில் சொல்கிறேன்.

காலி செய்து அளப்பது

எதையும் நகர்த்தும் முன் நான்கு மூலையிலும் நின்று போனில் படம் எடுங்கள். தினமும் பார்த்துப் பழகிய கண் விட்டுவிடுவதைப் படம் காட்டிக்கொடுக்கும்: ஷோகேஸ் தலையில் அட்டைப்பெட்டி, ஸ்விட்ச் போர்டைச் சுற்றிக் கறுத்த கைத்தடம், ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் தொங்கும் ஐந்து வயர், கழுத்தை நிமிர்த்திப் பார்க்கும் உயரத்தில் மாட்டிய படங்கள், ஜன்னல் அளவுக்கே கச்சிதமாக வெட்டிய திரை, ஒரு சுவரில் ஒற்றை டியூப்லைட். ஹாலுக்கு வயசு ஏறினாற்போல் காட்டுவது பெரும்பாலும் இவைதான். இவற்றில் பாதியைச் சரிசெய்யச் செலவே கிடையாது. பழைய நாற்காலியும் பழைய மேஜையும் பல வீடுகளில் அநியாயமாகப் பழி சுமக்கின்றன.

படம் எடுத்தபின் அறையை முழுக்க ஒழித்துவிட்டு டேப்பை எடுங்கள். சுவர் நீளம் மட்டும் போதாது. கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, ஜன்னலுக்கும் மூலைக்கும் எவ்வளவு தூரம், ஜன்னல் அடிவிளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம், பிளக் எங்கே எல்லாம் குறித்துக்கொள்ள வேண்டும். மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். இரண்டும் சமமாக இல்லையென்றால் மூலைகள் 90 டிகிரியில் இல்லை என்று பொருள். பழைய கட்டடத்தில் இது சகஜம். டைல்ஸ் போடும்போதும் சுவரோடு ஒட்டி அலமாரி செய்யும்போதும் ஓரத்தில் கோணலாக இடைவெளி விழுவது இதனால்தான். முன்கூட்டியே தெரிந்தால் கோணலைக் கண்ணில் படாத மூலைக்குத் தள்ளிவிடலாம்.

நடைவழிக்கு 3 அடி விடுங்கள், நெருக்கடியான இடத்தில் 2½ அடி. சோபாவுக்கும் டீப்பாய்க்கும் நடுவில் 16 முதல் 18 இன்ச். அதற்குக் குறைந்தால் முழங்கால் இடிக்கும், கூடினால் டீப்பாயில் வைத்தது கைக்கு எட்டாது. வாங்க நினைக்கும் சோபாவின் அளவுக்குச் செய்தித்தாள்களை ஒட்டித் தரையில் விரித்து, இரண்டு நாள் அதைச் சுற்றி நடந்து பாருங்கள். கடையில் சின்னதாகத் தெரிந்த சோபா வீட்டுக்குள் என்ன செய்யும் என்பது அப்போது புரியும்.

ஈரம்

பெயிண்ட் பொரிந்து உதிரும் சுவரைப் பார்த்ததும், சுரண்டிவிட்டுப் பட்டி போட்டால் சரியாகிவிடும் என்பார்கள். பட்டி ஈரத்தை நிறுத்தாது. ஓதம் உள்ள சுவரில் போட்ட பட்டி அடுத்த மழைக்காலத்தில் செதில் செதிலாக விழும்.

ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறதா, அறைக் காற்றிலிருந்து படிகிறதா என்று முதலில் தெரிய வேண்டும். ஒன்றரை அடிச் சதுரத்தில் ஒரு பாலித்தீன் தாளைச் சந்தேகப்படும் இடத்தில் வைத்து, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, ஒரு நாள் முதல் இரண்டு நாள் விடுங்கள். பிரித்துப் பார்க்கும்போது தாளின் உட்பக்கம், அதாவது சுவரைத் தொட்ட பக்கம், வியர்த்திருந்தால் ஈரம் சுவரில் இருக்கிறது. வெளிப்பக்கம் நனைந்திருந்தால் காற்றில் இருக்கும் ஈரப்பசை குளிர்ந்த சுவரில் படிகிறது. அதற்கு மருந்து காற்றோட்டம்தான். வாட்டர்ப்ரூஃப் ரசாயனத்தில் காசைக் கொட்ட வேண்டாம்.

சுவரில் இருக்கிறது என்றால், கறை இருக்கும் இடமே காரணத்தைச் சொல்லிவிடும். தரையிலிருந்து இரண்டு மூன்று அடிவரை பட்டையாக, வெள்ளைப் பொடி பூத்திருந்தால் மண்ணிலிருந்து ஏறும் ஓதம். ஜன்னலின் கீழ்மூலையில் என்றால் வெளித்திட்டில் சரிவு இல்லை, அல்லது சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் விரிசல். சீலிங் மூலையில் என்றால் மொட்டைமாடித் தளமோ தண்ணீர் வெளியேறும் வாயோ. குளியலறைக்கு முதுகு காட்டும் சுவரில் தனித்திட்டாக இருந்தால் பைப் இணைப்பையும் உள்ளே இருக்கும் டைல்ஸ் இடுக்குகளையும் பாருங்கள். நீர் நுழையும் பக்கத்தில் அடைத்தால்தான் நிற்கும்.

அந்த வெள்ளைப் பொடி உப்பு. செங்கல்லிலும் சிமென்ட்டிலும் கரைந்து வரும் உப்பு, நீர் ஆவியானதும் மேற்பரப்பில் படிகமாக வளர்ந்து பெயிண்டைத் தள்ளிவிடுகிறது. காய்ந்த பிரஷால் தேய்த்துக் கூட்டி எடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து திரும்பச் சுவருக்குள் போகும். மூலத்தை அடைத்த பிறகும் சுவர் உடனே காயாது. ஒரு இன்ச் கனத்துக்கு ஒரு மாதம் என்பது தோராயக் கணக்கு. அவசரம் என்றால் அந்த ஒரு சுவரை மட்டும் பெயிண்ட் இல்லாமல் விட்டுவைத்து மற்ற மூன்றையும் முடிக்கலாம். பிவிசி பேனலோ வால்பேப்பரோ போட்டு மூடுவது ரொம்பத் தப்பு. உள்ளே பூஞ்சை பிடித்து, ஹாலுக்குள் நுழைந்ததும் புழுங்கிய வாடை அடிக்கும். எங்கிருந்து என்று யாருக்கும் தெரியாது.

சுரண்டும்போது ஒரு எச்சரிக்கை. பல பத்தாண்டுப் பழைய பெயிண்டில், குறிப்பாகக் கதவு ஜன்னலில் அடித்த எனாமலில், ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. அமெரிக்காவில் வீட்டுப் பெயிண்டில் ஈயத்தைத் தடை செய்ததே 1978-இல்தான். பல நாடுகளில் அதற்கும் வெகு பின்னால். அப்படிப்பட்ட பெயிண்டை உலர்வாகத் தேய்க்கக் கூடாது. தண்ணீர் தொட்டு, ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாளால் தேய்த்து, கழிவை ஈரமாகவே அள்ளி எடுங்கள். வேலை முடிந்து துடைக்கும்வரை குழந்தைகள் அந்த அறைக்குள் வர வேண்டாம்.

வயரிங்

உட்காரும் இடம் ஒவ்வொன்றையும் நினைத்துப் பிளக் குறியுங்கள். சோபாவின் இரண்டு பக்கமும் சார்ஜருக்கும் விளக்குக்கும் இரண்டிரண்டு, டிவிக்குப் பின்னால் ஆறு, வாசல் பக்கம் வாக்யூம் கிளீனருக்கு ஒன்று. ஆறு கூடுதலாகத் தோன்றும். டிவி, செட்டாப் பாக்ஸ், ரவுட்டர், சவுண்ட்பார், பின்விளக்கு என்று எண்ணிப் பாருங்கள், ஒன்றுதான் மிஞ்சும்.

டிவியின் நடுப்புள்ளி தரையிலிருந்து 42 இன்ச் அளவில் வந்தால் உட்கார்ந்தவர் கண்ணுக்கு நேராக இருக்கும். 55 இன்ச் டிவியின் உயரம் சுமார் 27 இன்ச். ஆகவே கீழ்விளிம்பு 28, 29 இன்ச்சில் வரும். பிளக் பாயின்ட்டை நடுவில் வைத்துவிடாதீர்கள். அங்கே பிராக்கெட் வரும். அந்த மையத்துக்கு ஒரு பக்கமாக, டிவி மறைக்கும் பரப்புக்குள் தள்ளி வையுங்கள். 4கே டிவி 55 இன்ச் என்றால் பார்க்கும் தூரம் ஐந்தரை முதல் ஏழரை அடி.

டிவிக்குப் பின்னாலிருந்து கீழ் அலமாரிக்கு ஒரு வெற்றுக்குழாய் பதிக்கச் சொல்லுங்கள், 2 இன்ச் விட்டம், கூர்மையான எல்போ இல்லாமல். வழக்கமாகப் பதிக்கும் முக்கால் இன்ச் பைப்பில் எச்டிஎம்ஐ வயரின் தலை நுழையாது. சுவரை மூடிய பிறகு இது தெரியவரும்போது வயர் மீண்டும் சுவருக்கு வெளியில் தொங்கும். குழாய்க்குள் ஒரு இழுகம்பியைப் போட்டுவையுங்கள். மின்சார வயருக்குத் தனிப் பைப்.

விளக்குக்கு 1.5 சதுர மி.மீ. வயர், பிளக்குக்கு 2.5, ஏசிக்கு 4 என்பது பொதுவான கணக்கு. லோடைப் பார்த்து எலக்ட்ரீஷியன்தான் முடிவுசெய்ய வேண்டும். எர்த் வயரே இல்லாத பழைய சர்க்யூட்டில் புதுப் பிளக்கைக் கோத்துவிடுவது ஆபத்து. கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லையென்றால் இந்த வேலையோடு போட்டுவிடுங்கள்.

வயர் பதிக்கச் சுவரில் காடி (நீளப் பள்ளம்) எடுப்பது நேர்க்குத்தாகவோ நேர்க்கிடையாகவோ மட்டும் இருக்கட்டும். குறுக்காக எடுத்தால் பின்னால் ஆணி அடிப்பவருக்கு வயர் எங்கே ஓடுகிறது என்று ஊகிக்க வழியில்லை. பூசி மூடும் முன் பக்கத்தில் டேப்பை விரித்துப் பிடித்து ஒவ்வொரு சுவரையும் படம் எடுத்து வையுங்கள். காடி போன வழியிலேயே பிறகு விரிசல் கோடு விழுவதைப் பல வீடுகளில் பார்க்கலாம். காடியை நனைக்காமல், அதிகச் சிமென்ட் கலவையை ஒரே தடவையில் அமுக்கி மூடினால் அது சுருங்கி ஓரம் விடும். நனைத்து, இரண்டு தடவையாகப் பூசி, மேலே ஃபைபர் மெஷ் பட்டையைக் காடியின் இருபுறமும் படியும்படி பதித்தால் கோடு வராது.

சீலிங், ஃபேன், விளக்கு

அறை உயரம் 9 அடிக்குள் என்றால் முழு ஃபால்ஸ் சீலிங் வேண்டாம் என்பேன். அரை அடி இறங்கினாலே தலைமேல் பாரம் ஏறினாற்போல் இருக்கும். ஓரத்தில் மட்டும் ஒன்றரை அடிப் பட்டையாக இறக்கி, நடுவை அப்படியே விடலாம். ஃபேன் இறக்கை தரையிலிருந்து குறைந்தது 7 அடி, முடிந்தால் 8 அடி. மேலே சீலிங்குக்கும் இறக்கைக்கும் 10 இன்ச்சாவது இடைவெளி இருந்தால்தான் காற்று இழுக்கும். ஃபேன் தொங்குவது கான்கிரீட் தளத்தின் கொக்கியிலிருந்துதான். ஜிப்சம் பலகையோ அதன் சட்டமோ அந்தப் பளுவைத் தாங்காது.

ஃபால்ஸ் சீலிங் போட்ட ஹால்களில் அடிக்கடி காணும் கோளாறு, ஃபேன் ஓடும்போது அறையே படபடவென்று துடிப்பது. ஸ்பாட் லைட்டை ஃபேனுக்குப் பக்கத்தில் வைத்ததால் இறக்கை ஒளியை வெட்டுகிறது. 48 இன்ச் ஃபேனின் இறக்கை மையத்திலிருந்து 24 இன்ச்வரை போகும். விளக்கின் ஒளி கூம்பாக விரிந்து இறங்குவதால் அந்த 24 இன்ச் போதாது. இறக்கை சீலிங்குக்கு ஒரு அடி கீழே ஓடுகிறது, விளக்கும் அகலமாக ஒளி வீசும் வகை என்றால், மையத்திலிருந்து நாலு அடி தள்ளி வைப்பதே பத்திரம். சீலிங் வரைபடத்தில் முதலில் ஃபேனின் வட்டத்தை வரையுங்கள், அப்புறம் விளக்கு.

விளக்கு எத்தனை? ஹாலின் பொது வெளிச்சத்துக்கு 100 முதல் 150 லக்ஸ் (ஒரு சதுர மீட்டரில் விழும் லூமென்) போதும். 12-க்கு 15 அடி ஹாலின் பரப்பு ஏறத்தாழ 16.7 சதுர மீட்டர். 150-ஆல் பெருக்கினால் 2,500 லூமென், அதாவது வேண்டிய மொத்த ஒளி. சுவரும் விளக்கு மூடியும் விழுங்குவதைச் சேர்த்து 3,500 முதல் 4,000 லூமென் என்று வைத்துக்கொள்ளலாம். வாட்டுக்கு 100 லூமென் தரும் எல்இடியில் இது 40 வாட்டுக்குள் முடிந்துவிடும். இதை ஒரே ஸ்விட்ச்சில் கொடுக்காமல் மூன்றாகப் பிரியுங்கள்: சீலிங் ஓரத்து மறைவிளக்கு, சுவரை ஒளியால் நனைக்கும் விளக்கு, படிக்கிறவர் தோளுக்குப் பின்னால் நிற்கும் விளக்கு. சீலிங் முழுக்கப் பன்னிரண்டு ஸ்பாட் லைட் குத்தும் பழக்கம் எனக்கு உடன்பாடில்லை. தலைக்கு நேர் மேலிருந்து விழும் ஒளியில் கண்ணுக்குக் கீழே நிழல் விழும், டிவித் திரையிலும் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

நிறம் 2,700 அல்லது 3,000 கெல்வின் எடுத்தால் மாலையில் இதமாக இருக்கும். பளிச்சென்று வேண்டுபவர்கள் 4,000. பழைய டியூப்லைட்டின் 6,500 கெல்வின் நீலவெள்ளையில் புது மரமும் சாம்பல் பூத்துத் தெரியும். எதை எடுத்தாலும் ஒரே அறைக்குள் இரண்டைக் கலக்காதீர்கள். பெட்டியில் சிஆர்ஐ (நிறத்தை உள்ளபடி காட்டும் திறனின் அளவு) 90 அல்லது அதற்கு மேல் என்று இருக்கிறதா பாருங்கள். துணியின் சிவப்பும் மரத்தின் பழுப்பும் உள்ளபடி தெரிவது அதனால்தான். மறைவிளக்குக்கு எல்இடி பட்டையை வெறுமனே ஒட்டினால் சூட்டில் பசை விட்டுத் தொங்கும். அலுமினியக் காடிக்குள் வைத்து மூடி போடுங்கள், சூடும் இறங்கும், புள்ளிகளும் மறையும். 5 மீட்டருக்கு மேல் ஒரே தொடராக ஓட்டினால் கடைசி முனை மங்கும். இரண்டு முனையிலிருந்தும் மின்சாரம் கொடுக்க வேண்டும். ஸ்விட்ச்சை அணைத்த பிறகும் எல்இடி மினுக்கினால், ஸ்விட்ச்சுக்குள் இருக்கும் குட்டி இண்டிகேட்டர் விளக்கைக் கழற்றிப் பாருங்கள். அப்போதும் மினுக்கினால் ஸ்விட்ச் ஃபேஸில் இல்லாமல் நியூட்ரலில் இருக்கக்கூடும். அதை விட்டுவைக்கக் கூடாது.

தரை

மொசைக், மார்பிள், கருங்கல் தரை இருந்தால் உடைக்காதீர்கள். விரிசலையும் குழியையும் அதே நிறத்தில் அடைத்துக் காயவைத்து, 60, 120, 220, 400, 800 என்று சொரசொரப்பிலிருந்து நைசுக்குக் கல் மாற்றி மெஷின் பாலிஷ் போட்டால் பெரும்பாலான தரைகள் எழுந்து வந்துவிடும். பெரிய மெஷின் சுவரோரம் சில இன்ச் எட்டாது. அங்கே கைமெஷின் ஓட்டாமல் போனால் அறையைச் சுற்றி மங்கலான கரை தெரியும். பேரம் பேசும்போதே ஓரத்தையும் சேர்த்துப் பேசிவிடுங்கள். பாலிஷில் தெறிக்கும் சேறு சுவரில் இரண்டடி உயரம்வரை அடிக்கும். முன்னால் சொன்ன சிக்கல் இதுதான். பெயிண்டில் முதல் கோட்டோடு நிறுத்தி, தரை பாலிஷ் போட்டு, தரையை மூடிவிட்டுக் கடைசிக் கோட் அடிப்பதே வழி.

பழைய டைல்ஸ் மேலேயே புது டைல்ஸ் ஒட்டலாம். ஆனால் ஒவ்வொரு டைல்ஸையும் கட்டையால் தட்டிப் பார்த்து, டொக்கென்று வெற்றொலி வருவதைப் பெயர்த்து அடைத்த பிறகுதான். டைல்ஸ் 9 மி.மீ., பசை 4 முதல் 5 மி.மீ. என்று தரை அரை இன்ச்சுக்கு மேல் உயரும். கதவுகளின் அடியை அறுக்க வேண்டும், அடுத்த அறைக்குப் போகும் இடத்தில் கால் தட்டும் படி விழும். டைல்ஸ்களை இடைவெளி இல்லாமல் நெருக்கி ஒட்டுவது பார்க்க அழகு. ஆனால் சூட்டில் விரிய இடமில்லாமல் ஒரு நாள் நடுவில் இரண்டு டைல்ஸ் கூரை மாதிரி எழும்பி நிற்கும். நடுவில் 2 முதல் 3 மி.மீ., சுவரோரம் 5 மி.மீ. விடுங்கள். ஓர இடைவெளியை ஸ்கர்ட்டிங் மறைத்துவிடும்.

கிளிக் போடும் வினைல் பலகையும் லேமினேட்டும் ஒரே நாளில் முடிகிற வேலை. அடித்தளம் 2 மீட்டர் நீளத்தில் 3 மி.மீ.க்கு மேல் ஏறி இறங்கக் கூடாது. ஏறி இறங்கினால் நடக்கும்போது அமுங்கி, பூட்டு உடையும். ஓதம் உள்ள தரைக்கு லேமினேட் ஆகவே ஆகாது. இவை அடித்தளத்தோடு ஒட்டாமல் மிதக்கும் தரை என்பதால் கனத்த அலமாரியை மேலே ஏற்றி ஒரு பக்கம் அழுத்திவைத்தால் மறுபக்கம் இணைப்புகள் வாய் பிளக்கும்.

பட்டி, பெயிண்ட்

கறுப்புத் துணியால் சுவரைத் தேயுங்கள். வெள்ளைப் பொடி ஒட்டினால் அது பழைய சுண்ணாம்போ டிஸ்டெம்பரோ. சுரண்டி எடுக்காமல் மேலே அடிக்கும் எதுவும் நிற்காது. புதிதாகச் சிமென்ட் பூசிய இடங்கள் 28 நாள் ஆறட்டும். அதற்குள் அடித்தால் சிமென்ட்டின் காரம் நிறத்தைத் தின்று திட்டுத் திட்டாக வெளுக்கும்.

பட்டியை மெல்லிசாக இரண்டு தடவை இழுங்கள். ஒரே தடவையில் கனமாக இழுத்தால் மயிரிழை விரிசல் வரும். 180, பிறகு 220 எண் உப்புத்தாளால் தேயுங்கள். தேய்த்த சுவர் சரியா என்று பகல் வெளிச்சத்தில் பார்த்துத் திருப்தி அடைய வேண்டாம். இரவில் விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து, ஒளி சுவரை உரசிக்கொண்டு போகும்படி நகர்த்துங்கள். பகலில் கண்ணாடிபோல் இருந்த சுவரில் கரண்டி இழுத்த வரி, குழி, மேடு அத்தனையும் நிழலாக எழும். பென்சிலில் வட்டமிட்டு வையுங்கள், காலையில் அந்த இடங்களை மட்டும் தொட்டால் போதும். சுவரை நனைக்கும் விளக்கு வைக்கப்போகும் சுவருக்கு இது கட்டாயம், ஏனென்றால் அந்த விளக்கும் டார்ச் செய்வதையேதான் தினமும் செய்யப்போகிறது.

தேய்த்த தூசியை ஈரத்துணியால் துடைத்தபின்தான் ப்ரைமர். புதுப் பெயிண்ட் தோல் தோலாக உரிவதற்கு, துடைக்காமல் விட்ட பட்டித் தூசி ஒரு முக்கியமான காரணம். இன்னொன்று, உருளை லேசாக ஓட வேண்டும் என்று டப்பாவில் சொன்னதற்கு மேல் தண்ணீர் கலப்பது. கலக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள்.

12-க்கு 15 அடி, 10 அடி உயர ஹாலுக்குச் சுவர்ப் பரப்பு 540 சதுர அடி. கதவு ஜன்னலுக்கு 90 கழித்தால் 450, அதாவது சுமார் 42 சதுர மீட்டர். லிட்டருக்கு ஒரு கோட் 10 சதுர மீட்டர் என்று வைத்தால் இரண்டு கோட்டுக்கு எட்டரை லிட்டர், சீலிங்குக்கு மூன்றரை. சுவருக்கு வேண்டியதை ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள். பாதியில் தீர்ந்து மறுபடி கலந்து வாங்கினால் நிறத்தில் ஒரு சாயல் தப்பும்.

நிறத்தைக் கடை அட்டையில் முடிவுசெய்ய வேண்டாம். சுவர் முழுக்க ஏறியதும் அட்டையில் பார்த்ததைவிட அழுத்தமாகத் தெரியும். இரண்டடிச் சதுர அட்டையில் இரண்டு கோட் அடித்து, காலையிலும் இரவில் புது விளக்கிலும் வேறு வேறு சுவரில் சாய்த்துப் பாருங்கள். விளக்கு வேலை பெயிண்டுக்கு முன்னால் முடிய வேண்டும் என்பது இதற்காகவும்தான். சீலிங்குக்கு மேட், சுவருக்கு லேசான பளபளப்பு. பளபளப்பு கூடக் கூடச் சுவரின் மேடுபள்ளமும் கூடத் தெரியும்.

ஷோகேஸும் பழைய மரமும்

பழைய ஷோகேஸ்கள் பெட்டி டிவிக்காக 20, 24 இன்ச் ஆழத்தில் செய்தவை. இன்றைக்கு அங்கே வைப்பதற்கு 15 இன்ச் போதும். மேல்பாதியை நீக்கி, அடிப்பாதியின் ஆழத்தைக் குறைத்துத் தாழ்வான அலமாரியாக விட்டால், சுவரும் கிடைக்கும், முக்கால் அடித் தரையும் கிடைக்கும். மரமும் பிளைவுட்டும் இதைத் தாங்கும். துகள்பலகை என்றால் அறுத்த விளிம்பு உதிரும், திருகு பிடிக்காது, அதைத் தூக்கிப் போடுவதே மேல். உயரமான அலமாரி எதை வைத்தாலும் தலைப்பக்கம் சுவரோடு பிராக்கெட் போட்டுப் பிணையுங்கள். இழுப்பறையில் ஏறும் குழந்தைக்கு அது சாயப் பெரிய பலம் தேவையில்லை.

மரச் சாமானுக்குப் புது பாலிஷ் போடும் முன் பழைய பாலிஷ் என்னவென்று தெரிய வேண்டும். கண்ணில் படாத இடத்தில் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு அழுத்திப் பிடியுங்கள். பிசுபிசுத்தால் அரக்குப் பாலிஷ். அசையவில்லையா, தின்னர் தொட்டுப் பாருங்கள். இளகினால் லேக்கர். சுருங்கினாலோ அப்படியே இருந்தாலோ பியூ, அதாவது பாலியூரிதேன். மெழுகு கலந்த அரக்கின் மேல் பியூ அடித்தால் ஒட்டாது, சில மாதத்தில் நகத்தால் உரிக்கலாம். மெழுகு ஏறிய மரத்தை டர்பென்டைன் நனைத்த வெள்ளைத் துணியால், துணியில் மஞ்சள் வருவது நிற்கும்வரை துடையுங்கள். பிறகு மரத்தின் ரேகை போகும் திசையிலேயே 120, 180, 240 உப்புத்தாள். விளிம்பைப் பார்த்து முழுமரமா, வெனீர் (மெல்லிய மரத்தாள்) ஒட்டியதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். வெனீர் பெரும்பாலும் ஒரு மி.மீ. கனம்கூட இருக்காது. மெஷின் வைத்தால் ஒரே நொடியில் அடிப்பலகை தெரிந்துவிடும்.

கைப்பிடி மாற்றுவது மலிவான, பலன் அதிகமான வேலை. பழைய துளைகளின் மையத்துக்கு மையம் அளந்து, 96 மி.மீ. என்றால் அதே 96 வாங்குங்கள்.

சோபா, திரை, மற்றவை

பழைய சோபாவின் முன்கால் ஒன்றைப் பிடித்து அரை அடி தூக்குங்கள். மற்ற முன்காலும் சீக்கிரமே கூட எழுந்தால் சட்டம் உறுதி, துணியும் ஃபோமும் மாற்றினால் இன்னும் பல வருடம் ஓடும். எழாமல் சட்டம் முறுக்கினால் துணிக்குச் செலவழிக்காதீர்கள். உட்காரும் ஃபோம் குறைந்தது 32 டென்சிட்டி, தினமும் பயன்படும் சோபாவுக்கு 40. அடியில் இருக்கும் எலாஸ்டிக் பட்டைகளையும் அப்போதே மாற்றுங்கள். குழி விழுவது பல சமயம் ஃபோமால் இல்லை, இதனால். 54 இன்ச் அகலத் துணி என்றால் மூன்று பேர் சோபாவுக்கு 10 மீட்டர் அளவில் பிடிக்கும், பெரிய பூ போட்ட துணிக்கு டிசைன் சேர்ப்பதற்காக இன்னும் கொஞ்சம். புதிதாக வாங்கினால் இருக்கை உயரம் 17, 18 இன்ச், முழங்கால் வலி உள்ளவர்களுக்கு 19. வாசலையும் மாடிப்படித் திருப்பத்தையும் அளந்துவிட்டு ஆர்டர் கொடுங்கள்.

திரைக்கம்பியை ஜன்னலுக்கு மேல் அரை அடியாவது உயர்த்தி, இரண்டு பக்கமும் 8 இன்ச் நீட்டுங்கள். திரையை ஒதுக்கும்போது கண்ணாடி முழுசாகத் திறக்கும், ஜன்னலும் பெரிதாகத் தெரியும். துணி அகலம் கம்பியைப் போல் இரண்டு மடங்கு. பருத்தி என்றால் தைக்கும் முன் ஒருமுறை நனைத்து உலர்த்திவிடுங்கள். வளையம் வைத்த திரையில் வளைய எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்தால்தான் இரண்டு ஓரமும் சுவர்ப் பக்கம் மடங்கும்.

விரிப்பில் சோபாவின் முன்கால்களாவது ஏற வேண்டும். டீப்பாய்க்கு அடியில் மட்டும் கிடக்கும் சின்ன விரிப்பு அறையை இன்னும் சிறிசாக்கும். எல்லாம் முடிந்து அறை வெறிச்சென்று எதிரொலித்தால், கனத் திரையும் விரிப்பும் புத்தக அலமாரியும்தான் அதைக் குறைக்கும்.

படங்களின் நடுப்புள்ளி தரையிலிருந்து 58 இன்ச். சோபாவுக்கு மேலே என்றால் முதுகுச் சட்டத்திலிருந்து 6 முதல் 8 இன்ச். ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் துளை போடாதீர்கள். மற்ற இடத்தில் போடும் முன்னும் வயரிங்கின்போது எடுத்த படங்களைத் திறந்து பார்த்துவிட்டு டிரில்லை எடுங்கள்.